மணிக்கு ஞானத்தாயாக நின்றவர்

“அவருக்குச் சொல்லு பிள்ளை, உந்தப் பவுடர் மூஞ்சிக்கு நான் மணி அடிக்கேலாதெண்டு.”

இது பிலோமினா மாமி சொன்னது. நான் அதைச் சிங்களத்தில் இப்படிச் சொன்னேன்: “மாத்தயா, அம்மாவுக்கு இன்றைக்குத் தோள் சரியில்லையாம்.”

கோயில் முற்றத்து மணலில் அப்போதுதான் காலை வெயில் விழத் தொடங்கியிருந்தது. வீட்டுக் குசினியிலிருந்து தூக்கிவந்த கதிரையை மணிக்கூண்டின் அடியில் போட்டு, மணிக்கயிற்றின் நுனியை இடுப்பில் சுற்றி முடிந்துகொண்டு மாமி உட்கார்ந்திருந்தார். வாயில் வெற்றிலை. முன்னால் ராணுவ அதிகாரி. அவருக்குப் பின்னால் துவக்குகளோடு சில ஆமிக்காரர். இரண்டு தரப்புக்கும் நடுவில், வேலைக்கு வெளிக்கிட்ட சேலையோடு, சாப்பாட்டுப் பெட்டியும் கையுமாக நான்.

துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஓர் அலுவலகத்தில் தொலைபேசி இணைப்புக் கொடுப்பதுதான் எனக்கு வேலை. நாள் முழுக்க மற்றவர்களின் பேச்சைக் கேட்டுக் கேட்டே சிங்களம் பிடித்துக்கொண்டவள். பிடித்தது பெரிய பிழையாகப் போயிற்று. எங்கள் வட்டாரத்தில் ஆமி வந்து நின்றால் முதலில் தட்டப்படுவது எங்கள் வீட்டுப் படலைதான்.

பதற்றத்தில் நான் என் தோளைத் தொட்டுக் காட்டியதை மாமி கண்டுவிட்டார்.

“தோளோ? நான் தோளைப் பற்றி ஒரு கதையும் கதைக்கேல்லையே! சொன்னதைச் சொல்லத் தெரியாதோ உனக்கு? இல்லாட்டி நான் எழும்பி நடிச்சுக் காட்டவோ?”

கோயில் வாசலில் ஒரு ஜீப் நின்றது. அதற்குள் தலையில் சாக்கு மாட்டிய ஒருவன் இருந்தான். சாக்கில் கண்ணுக்கு மட்டும் இரண்டு ஓட்டை. மணி அடித்தால் சனம் பூசைக்கென்று வரும். வந்த சனத்தை வரிசையாக அந்த ஓட்டைகளுக்கு முன்னால் நடத்துவார்கள். சாக்குத் தலை ஆடினால், எதிரில் நின்ற பெடியன் வீட்டுக்குத் திரும்பமாட்டான்.

அதுதான் அந்தக் காலையின் முழுக் கதையும். மாமி கயிற்றை இழுத்தால் எங்கள் பெடியன்கள் போவார்கள். இழுக்காவிட்டால் மாமி போவார்.

கனடாவிலிருந்து ஒரு கண்டனம்

கொஞ்சம் பொறுங்கள், அதிகாரி எங்கேயும் ஓடிவிடமாட்டார்.

போன கிழமை எங்கள் வீட்டுக் கலியாணச் சண்டையைப் பற்றி எழுதியிருந்தேன் அல்லவா? அதை வாசித்துவிட்டு மாமியின் மகள், என் மச்சாள், கனடாவிலிருந்து போன் எடுத்து ஒரு மணித்தியாலம் என்னைக் கிழித்தாள். கடைசியில் சொன்னாள்: “அம்மாவைப் பற்றி எழுதுறதெண்டால் மரியாதையா எழுது. அவ ஒரு புனிதை.”

புனிதையாம்! இதைக் கேட்டிருந்தால் முதலில் விழுந்து விழுந்து சிரிப்பவர் மாமியாகத்தான் இருந்திருப்பார். சீட்டில் முந்நூற்றிநாலு விளையாட உட்கார்ந்தால் மடிக்குள் ஒரு துரும்புச் சீட்டு இல்லாமல் உட்காராத மனுசி. பிரசங்கம் தொடங்கினால் வெற்றிலை துப்ப வெளியே போய், நற்கருணைக்குத்தான் திரும்பி வருவார். மீன் சந்தையில் மாமி பேரம் பேசும் தமிழைக் கேட்டால் படகுக்காரச் சம்மாட்டிமாரே காதைப் பொத்துவார்கள். அந்தத் தமிழை இந்த வார இதழில் அச்சிட ஏலாது. ஆசிரியர் பாவம், பிள்ளைகுட்டிக்காரர்.

மாமி என் தாய்மாமனின் மனைவி. மாமா கோயில் மூப்பராக இருந்தவர். கோயிலைத் திறப்பது, பூட்டுவது, மணி அடிப்பது எல்லாம் அவர்தான். அவர் காய்ச்சலில் போய்ச் சேர்ந்ததும், வேறு ஆள் கிடைக்கும்வரை என்று மாமி கயிற்றைப் பிடித்தார். பிறகு விடவேயில்லை. வேறு ஆளைத் தேடும் துணிவும் எந்தப் பங்குச் சுவாமிக்கும் வரவில்லை.

ஒரு மாரியில் மணிக்கூண்டுப் படியில் வழுக்கி விழுந்து மாமியின் வலது தோள் பிசகியது. முறிவு பார்க்கிற பரியாரியார் இழுத்துவிட்டதும் அரைகுறை. அதன்பிறகு மாமியால் ஒரே சீராக அடிக்க முடிந்ததில்லை. திரிகால மணி என்றால் மூன்று மூன்றாக மூன்று தரம் அடிக்க வேண்டும். மாமி அடித்தால் முதல் இரண்டும் ஒழுங்காக விழும். மூன்றாவதுக்குத் தோள் ஏறாது. டாண், டாண் என்று கேட்டபிறகு, மூன்றாவது வருமோ வராதோ என்று ஊரே ஒரு மூச்சு காத்திருக்கும். பிறகு ஒரு டாண்.

“பிலோமினா, மணி நொண்டுது” என்றார் சுவாமி ஒருநாள்.

“மணி நொண்டேல்லை சுவாமி. நான்தான் நொண்டுறன். வேணுமெண்டால் வந்து நீங்கள் அடியுங்கோ.”

சுவாமி அடிக்கவில்லை. அந்த நொண்டி மணியைக் கேட்டுத்தான் எதிர்ச்சந்தியில் றஹீம் நானா தேத்தண்ணிக் கடையின் பலகையைத் திறப்பார். கோணேசர் கோயிலுக்குப் போகிற சைவச் சனமும் அதைக் கேட்டுத்தான் பிள்ளைகளை எழுப்பும்.

அந்தோனி

அந்த மணிக்குப் பெயர் அந்தோனி. வேடிக்கை இல்லை. எங்களில் கோயில் மணிக்கு ஞானஸ்நானம் கொடுக்கும் வழக்கம் உண்டு. ஆயர் ஆண்டகை வந்து தீர்த்தம் தெளித்து, தைலம் பூசி, பெயர் வைப்பார். பிள்ளைக்கு நிற்பதுபோலவே மணிக்கும் ஞானத்தகப்பன், ஞானத்தாய் நிற்க வேண்டும்.

இந்த மணி வந்தபோது ஞானத்தாயாக நிற்க இருந்தவர், வட்டாரத்தில் பெரிய வீட்டு அம்மா ஒருவர். அவருக்குக் கொண்டை சரிவரவில்லை, ஆள் வந்துசேரவில்லை. ஆண்டகைக்கோ பசி, சுவாமியின் குசினியில் இறால் பொரிகிற வாசம் கோயில்வரை வந்துகொண்டிருந்தது. “யாராவது ஒரு பெண்பிள்ளை வாருங்கள்” என்று அவர் சொல்ல, தண்ணீர்க் குடத்தோடு பக்கத்தில் நின்ற மாமியைப் பிடித்துத் தள்ளிவிட்டார்கள்.

“என்ன பெயர்?” என்று கேட்டார் ஆண்டகை.

மாமிக்கு அந்தக் கிழமைதான் தொலைந்த தோடு ஒன்று அந்தோனியாரிடம் நேர்ந்து திரும்பக் கிடைத்திருந்தது. “அந்தோனி” என்றார். அதோடு வாயை மூடியிருக்கலாம். மூடவில்லை. பிள்ளைக்கு நிற்கும்போது சொல்வது இதற்கும் உண்டு என்று நினைத்து, ஒருவரும் கேட்காமலேயே, “பசாசை விட்டுவிடுகிறேன், அவன் கிரியைகளையும் விட்டுவிடுகிறேன்” என்று மணிக்காக உரத்த குரலில் சத்தியமும் பண்ணிவிட்டார். ஆண்டகை சிரித்த சிரிப்பில் தொப்பி சரிந்ததாம்.

ஊர் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தது. மாமி மட்டும் சிரிக்கவில்லை. தான் ஒரு பிள்ளைக்கு வாக்குக் கொடுத்துவிட்டதாகவே நம்பினார். ஒவ்வொரு மார்கழி நத்தாருக்கும் மணிக்குத் தேங்காயெண்ணெய் பூசிப் புதுத்துணியால் துடைப்பார். “என்ர ஞானப்பிள்ளைதான் சொல்வழி கேக்கிற ஒரே பிள்ளை” என்பார், என் மச்சாளின் காதில் விழும்படியாக.

ஒரு சனிக்கிழமை

பவுடர் அதிகாரி முதல்முறை வந்தது ஒரு சனிக்கிழமை. முகத்திலும் கழுத்திலும் வெள்ளையாகப் பவுடர் அப்பியிருப்பார். அதனால்தான் அந்தப் பெயர். அன்றைக்கு மிகவும் மரியாதையாக இருந்தார். மாமி வீட்டுக் கதிரையில் இருந்து தேத்தண்ணி குடித்தார். கடலுக்குப் போகிற பாஸ் எல்லாம் புதிதாகக் கொடுக்கப் போகிறார்களாம். சனத்தைக் கோயிலுக்குக் கூப்பிட்டால் அங்கேயே வைத்துக் கொடுத்துவிடலாமாம். நான்தான் மொழிபெயர்த்தேன். நல்ல செய்தி என்று சந்தோசமாக மொழிபெயர்த்தேன்.

பாஸ் இல்லாமல் கரையில் கிடந்து காய்ந்துகொண்டிருந்த வட்டாரம் அது. மாமி ஓடிப்போய் மணி அடித்தார். சனம் தலை இழுத்து, வெளுத்த சேட்டுப் போட்டு, பாஸுக்குப் படம் எடுப்பார்களோ என்று பவுடரும் பூசிக்கொண்டு வந்தது. எல்லோரும் உள்ளே வந்தபிறகு லொறிகள் வந்தன. அதன்பிறகு அந்த ஜீப்.

வின்சனையும் ஏற்றினார்கள். பேக்கரியில் பாண் போடுகிற பெடியன். மாமியின் முந்நூற்றிநாலுக் கூட்டாளி. மாமி மடியில் சீட்டு ஒளிப்பதைக் கண்டும் காணாததுபோல இருந்து, கடைசியில் “மாமி, துரும்பு ரெண்டுதரம் பிறந்திருக்குப்போல” என்று சொல்லிச் சிரிக்கிறவன். லொறியில் ஏறும்போது அவன் கைகளில் மா ஒட்டியிருந்தது. அவனைப் பிறகு ஒருவரும் காணவில்லை. இன்றைக்கு இதை எழுதும்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

பின்னேரம் வின்சனின் தாய் றோசம்மா மாமியின் படலையில் வந்து நின்றார். கத்தவில்லை, மண்ணள்ளித் தூற்றவில்லை.

“மாமி, உங்கட மணியைக் கேட்டுத்தானே போனவன்” என்றார். அவ்வளவுதான். திரும்பிப் போய்விட்டார்.

 மாமி அன்றைக்கு இரவு அடுப்பு மூட்டவில்லை. மறுநாள் பூசை தொடங்குமுன் சுவாமியிடம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனார். நான் பக்கத்து வாங்குப் பலகையில்தான் இருந்தேன். மாமி காதுக்குள் பேசத் தெரியாதவர் என்பதால் கோயில் முழுக்கக் கேட்டது.

“தெரியாமல் செய்தது பாவம் இல்லை, பிலோமினா” என்றார் சுவாமி.

“எனக்கில்லை சுவாமி. அந்தோனிக்கு. அவனைப் பொய் சொல்ல வைச்சுப்போட்டாங்கள். அவனுக்குப் பாவமன்னிப்புத் தாங்கோ.”

“மணிக்கு எப்பிடியம்மா பாவமன்னிப்புக் குடுக்கிறது?”

“ஞானஸ்நானம் மட்டும் குடுக்கத் தெரிஞ்சுதோ?”

சுவாமி மன்னிப்புக் கொடுத்தாரோ இல்லையோ எனக்குத் தெரியாது. மாமி அந்தோனிக்காக ஒரு கிழமை வெற்றிலையை விட்டார். மாமி வெற்றிலையை விடுவது என்றால் நாங்கள் சோற்றை விடுவதுபோல. வீட்டில் ஒருவரும் அந்தக் கிழமை நிம்மதியாக இருக்கவில்லை.

கிழமை முடிந்ததும் கோயில் வாசலில் நின்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்: “இனிக் கேளுங்கோ. செபத்துக்கு அடிப்பன், சாவுக்கு அடிப்பன், கடலிலை போட் காத்திலை அம்பிட்டால் அடிப்பன். வேற ஒரு நாய்க்கும் அடிக்கமாட்டன்.”

கோயில் வாசலில் நாய் என்று சொன்னதற்குச் சுவாமி முகத்தைச் சுளித்தார்.

மற்றப் பக்கமும் வந்தது

இதைச் சொல்லாமல் விட்டால் பாதிக் கதைதான். கொஞ்சநாளில் எங்கள் இயக்கப் பெடியள் இரண்டு பேர் வந்தார்கள். சாரத்துக்குள் துவக்கு. ஆமி லொறி சந்தியில் திரும்பினால் மாமி ஒரு மணி அடித்துவிட வேண்டுமாம். அது போராட்டத்துக்குச் செய்யும் பங்களிப்பாம்.

“அந்தோனி ஆருக்கும் சென்றிக் காவல் நிக்கிறவன் இல்லை” என்றார் மாமி.

“அம்மா, யோசிச்சுக் கதையுங்கோ.”

“யோசிச்சுத்தான் கதைக்கிறன். துவக்கை எடுத்து வெளியிலை வை தம்பி. சாரம் அவிழப்போகுது.”

மற்றவன் சிரித்துவிட்டான். அதனால் தப்பினோம். போகும்போது முதலாமவன் என்னை ஒரு பார்வை பார்த்தான். அந்தப் பார்வைக்கு நான் ஒரு மாதம் பின்வாசலால் வேலைக்குப் போனேன். மாமிக்கு மட்டும் ஒரு பயமும் இல்லை என்று அப்போது நினைத்தேன். அது எவ்வளவு பிழை என்று அதிகாரி இரண்டாம்தரம் வந்த காலையில்தான் தெரிந்தது.

திரும்பவும் கதிரை

ஆக, கதிரை. கயிறு. அதிகாரி. நான்.

இந்தமுறை தேத்தண்ணியும் இல்லை, பாஸ் கதையும் இல்லை. “மணியை அடிக்கச் சொல்லு” என்றார். நான் தோள் கதையைச் சொன்னேன். நம்பவில்லை. சுவாமியின் அனுமதி வேண்டுமாம் என்று அடுத்த பொய்யைச் சொன்னேன். சுவாமி எங்கே என்று கேட்டார். சுவாமி தான் தங்கும் அறைவீட்டில் வயிற்றுப்போக்கோடு கிடந்தார். ஆமிச் சப்பாத்துச் சத்தம் கேட்டால் அவருக்கு வயிறு கலங்கும். பாவம், அது அவருடைய வியாதி.

எனக்கு ஒரு யோசனை வந்தது. குனிந்து மாமியின் காதில் சொன்னேன்.

“மாமி, சாவுமணி அடியுங்கோ. ஒண்டொண்டா, விட்டு விட்டு. இவனுக்கென்ன வித்தியாசம் தெரியப்போகுது? சாவுமணி எண்டால் எங்கடை ஆக்கள் ஒருத்தரும் உடனை வரமாட்டினம். வீட்டிலை நிண்டு செபம் சொல்லிப்போட்டு, ஆர் எண்டு விசாரிச்சுத்தான் வெளிக்கிடுவினம். அதுக்குள்ளை ஜீப் நிக்கிறது தெரிஞ்சிடும்.”

இன்றைக்கும் சொல்கிறேன், அது நல்ல யோசனை. மாமி என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“ஆர் செத்தது?”

“ஒருத்தரும் இல்லை மாமி. சும்மா.”

“சும்மா அடிக்கிறதெண்டால் இவனுக்கே அடிச்சுப்போட்டு வீட்டை போய்க் கஞ்சி குடிப்பனே. ஒருக்காப் பொய் சொன்னது காணும். செத்துப்போச்செண்டு அந்தோனி சொன்னால் ஆரோ செத்திருக்க வேணும்.”

“ஐயோ, இது நல்லதுக்குச் சொல்ற பொய் மாமி!”

“அவனும் நல்லதுக்கெண்டுதான் பாஸ் கதை சொன்னவன்.”

எனக்கு அந்த இடத்திலேயே மாமியின் கழுத்தை நெரிக்க வேண்டும்போல வந்தது. சத்தியமாக. ஒரு மனுசி இவ்வளவு முட்டாளாக இருக்க ஏலுமோ? சீட்டில் களவு செய்யத் தெரியும், மீன்காரனை ஏமாற்றத் தெரியும், உயிர் போகிற நேரத்தில் ஒரு மணியை மாற்றி அடிக்கத் தெரியாதாம்!

அதிகாரி பொறுமை இழந்து, கைத்துவக்கை உறையிலிருந்து எடுத்துப் பிடித்தார். “கடைசியாகச் சொல்லு. அடிக்காவிட்டால் கொண்டுபோவோம்.”

இதை மட்டும் நான் ஒரு சொல்லும் மாற்றாமல் மாமிக்குச் சொன்னேன்.

மாமி காதுத் தோடு இரண்டையும் கழற்றினார். அந்தோனியார் கண்டெடுத்துக் கொடுத்த தோடு. என் கையில் வைத்தார். “கொண்டுபோனாங்களெண்டால் இது உனக்கு. உன்ர அந்த ஊதாச் சீலையோட மட்டும் போடாதை, பாக்கச் சகிக்காது.”

பிறகு குரலை இறக்கினார். அவர் குரல் இறங்கி நான் கேட்டது அந்த ஒரு முறைதான்.

“பயமாக் கிடக்கு பிள்ளை. கால் ரெண்டும் என்ர கால் மாதிரி இல்லை. மூத்திரமும் வருது. ஆனா அடிக்கேலாது. அவனுக்குச் சொல்லு. சும்மா தோள், முதுகெண்டு சொல்லாமல், நான் சொல்றதைச் சொல்லு. நான் இதுக்கு ஞானத்தாய். பொய் சொல்ல விடமாட்டன் எண்டு ஆண்டவருக்கு முன்னாலை நிண்டனான்.”

நான் அதை அப்படியே சொன்னேன்.  கடைசிச் சொல்வரை சொல்லி முடித்தேன்.

அதிகாரி என்னைப் பார்த்தார், மாமியைப் பார்த்தார், மணியைப் பார்த்தார். நாங்கள் எல்லோரும் சேர்ந்து அவரை விசரன், பைத்தியக்காரன் ஆக்குகிறோம் என்று நினைத்தாரோ என்னவோ, முகம் சிவந்து கத்தினார். இரண்டு ஆமிக்காரர் கயிற்றை மாமியின் இடுப்பிலிருந்து அவிழ்த்தார்கள். மாமியை வெயிலில் முழங்காலில் இருத்தினார்கள். பின்வரிசையில் நின்ற ஒரு சின்னப் பெடியனைக் கூப்பிட்டு அடிக்கச் சொன்னார் அதிகாரி.

மீசை சரியாக முளைக்காத பெடியன். சேட்டுக் கழுத்துக்குள்ளால் ஒரு மண்ணிறக் கயிறு தெரிந்தது. கயிற்றைப் பிடித்தான். ஒரு கணம் மேலே மணியைப் பார்த்தான். பிறகு அடித்தான் பாருங்கள்! கடாங் கிடாங் கட கட கடாங். மூன்றும் இல்லை, ஒன்பதும் இல்லை. பள்ளிக்கூடம் விட்டால் குழப்படிப் பெடியன்கள் தகரத்தில் அடிப்பார்களே, அதுதான். கூண்டிலிருந்த புறாவெல்லாம் கிளம்பிக் கடல்பக்கம் பறந்தது.

காத்திருந்தோம்.

ஒருவரும் வரவில்லை. றஹீம் நானா திறந்த கடைப் பலகையைத் திரும்ப அடைக்கிற சத்தம் கேட்டது. மூன்றாவது அடி நொண்டாத மணி மாமி அடித்த மணி இல்லை என்று ஊருக்குத் தெரியும். இந்த மணியோ அடித்தவன் மனிதனா என்றே சந்தேகப்பட வைத்தது. பெடியன்கள் பின்வேலியால் பாய்ந்து, கிடைத்த பாதையால் சாம்பல்தீவுப் பக்கமும் அன்புவழிபுரப் பக்கமும் போய்விட்டார்கள் என்று பிறகு அறிந்தோம்.

கடைசியில் ஒருவர் வந்தார். சவிரிமுத்தர். தடியை ஊன்றி, மெல்ல நடந்து, ஜீப்பையும் ஆமியையும் கடந்து, உள்ளே போய்த் தன் வாங்கில் உட்கார்ந்தார். அவருக்கு இரண்டு காதும் கேளாது. தினமும் அந்த நேரத்துக்கு வருகிறவர். சாக்குத் தலைக்காரன் அவருக்கு எப்படித் தலையாட்டுவது என்று தெரியாமல் இருந்துவிட்டான்.

முழங்காலில்

அதிகாரிக்கு வந்த கோபத்துக்கு ஏதாவது ஒன்றை உடைக்க வேண்டும். கூண்டில் ஆளை ஏற்றி மணியின் நாக்கைக் கழற்றச் சொன்னார். இரும்பு நாக்கு, ஒரு கைக்குழந்தைப் பாரம். அதை ஜீப்பில் எறிந்தார்கள். மாமி அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

“பாத்தியே பிள்ளை, என்ர பிள்ளையின்ர நாக்கை அறுத்துப்போட்டாங்கள்” என்றார். அழுதார். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு, “அறுத்தால் அறுக்கட்டும். அவன் பொய் சொல்லேல்லை” என்றார்.

மாமியை அப்படியே முழங்காலில் விட்டு, லொறியில் ஏற்றுவதா இல்லையா என்று அதிகாரி ரேடியோவில் யாரோடோ கதைத்துக்கொண்டிருந்தார். வெயில் ஏறியது. அறைவீட்டுக் கதவு திறந்தது. சுவாமி வந்தார். வெளிறிப்போன முகம், கையில் குடை. வந்து மாமிக்குப் பக்கத்தில் மணலில் முழங்காலில் இருந்தார். நான் வாயைப் பிளந்தேன். இந்தத் தொடரில் அவரை நிறையக் கிண்டல் பண்ணியிருக்கிறேன், இனியும் பண்ணுவேன். ஆனால் கலங்கிய வயிற்றோடு அந்த மனுசன் அன்றைக்கு நடந்துவந்த தூரம் எனக்கு மறக்காது.

“குடையைச் சுருக்குங்கோ சுவாமி” என்றார் மாமி. “மாதா பாக்கிறா.”

சுவாமி சுருக்கினார்.

பிறகு றோசம்மா வந்தார். வின்சனின் தாய். அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு மாமியோடு முகம் கொடுத்துக் கதைக்காதவர். நேராக வந்து மாமியின் மற்றப் பக்கத்தில் முழங்காலில் இருந்து செபமாலையை எடுத்தார். அதைக் கண்டு இன்னும் பெண்கள் வந்தார்கள். ஒருவரும் மணி அடிக்கவில்லை, தாங்களாக வந்தார்கள். முற்றம் நிறைந்தது. நிழலுக்காகப் பிடுங்குப்பட்டார்கள். செபமாலையில் இன்றைக்குத் துக்க தேவரகசியமா, மகிமைத் தேவரகசியமா என்று ஒரு சண்டை. றஹீம் நானா வாளியில் பிளேன்ரீ, பால் விடாத தேத்தண்ணி, கொண்டுவந்தார். தடுத்த ஆமிக்காரனிடம், “தாகத்துக்குக் குடுக்கிறதைத் தடுக்காதைங்க தம்பி, அது எங்களுக்குக் கடமை” என்று தமிழிலேயே சொல்லிவிட்டு உள்ளே வந்தார். நான் மொழிபெயர்க்கவில்லை. தேவைப்படவில்லை.

மாமியை மட்டும் ஏற்றுவதானால் ஏற்றியிருப்பார்கள். முற்றம் நிறைந்த பெண்களையும் ஒரு சுவாமியையும் என்ன செய்வது? அதிகாரி நெடுநேரம் நின்று பார்த்தார். கழுத்துப் பவுடர் வியர்வையில் கோடு கோடாக வழிந்திருந்தது. பிறகு ஜீப் போனது. லொறி போனது. அந்தோனியின் நாக்கும் போனது.

மறுநாள் விடியவும் மாமி மணிக்கூண்டுக்குப் போனார். வழமைபோலக் கயிற்றை இழுத்தார். மணி சத்தமில்லாமல் ஆடியது. இரண்டு ஆட்டம், பிறகு ஒரு தயக்கம், பிறகு மூன்றாவது. றஹீம் நானா அண்ணாந்து பார்த்துவிட்டுக் கடையைத் திறந்தார். புதுநாக்குப் போடும்வரை, எத்தனையோ வருசம், அப்படித்தான் நேரம் பார்த்தோம்.

அன்று பின்னேரம்

ஒன்றைச் சொல்ல விட்டுவிட்டேன். வெயிலில் இருந்துவந்த அன்று பின்னேரம் மாமியின் முழங்காலுக்கு நல்லெண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

“மாமி, மணி அடிச்ச அந்தச் சின்னப் பெடியன்ர கழுத்திலை ஒரு கயிறு கிடந்தது. எங்கடை ஆக்கள் போடுற மாதா உத்தரியக் கயிறு மாதிரி.”

“உத்தரியந்தான். வேதக்காரப் பெடியன். அவன் கயித்தைப் பிடிச்ச பிடியையும் கண்டனான். தலைக்கு மேலை ஒரு கை, நெஞ்சுக்கு நேரை மற்றக் கை. அவன்ரை ஊரிலை கோயில் மணி அடிச்சுப் பழகின கை பிள்ளை அது. எனக்கு நெஞ்சு திக்கெண்டது. ஐயோ, இவன் ஒழுங்கா அடிச்சுப்போடப் போறான், எனக்குச் சுகமில்லையாக்கும், வேறை ஆரோ அடிக்கினமாக்கும் எண்டு நினைச்சுச் சனம் வரப்போகுதெண்டு.”

எண்ணெய் தேய்த்த கை நின்றுவிட்டது. “அப்ப, அவன் வேணுமெண்டே...”

“பின்னை?”

மாமியை மடக்க எனக்கு வாழ்நாளில் கிடைத்த ஒரே சந்தர்ப்பம். விடுவேனா?

“அதுவும் பொய்தானே மாமி? காலமை நான் சாவுமணி அடிப்பமெண்டு சொல்ல, என்னைப் பிடிச்சுக் கடிச்சீங்களே?”

மாமி வெற்றிலையை ஒரு பக்கக் கன்னத்துக்கு ஒதுக்கினார்.

“அவனுக்கு நான் ஞானத்தாய் இல்லையே” என்றார். “அவனுக்காகவும் ஒரு அருள்நிறைந்த மந்திரம் சொல்லு. கெதியாச் சொல்லு, சீட்டுக்கு ஆக்கள் வரப்போகினம்.”

வின்சன் போனபிறகு சீட்டுக்கு நாலாவது ஆள் இல்லாமல் இருந்தது. அன்றைக்குப் படலையைத் திறந்துகொண்டு றோசம்மா வந்தார். வின்சன் வழமையாக இருந்த இடத்தில், மாமிக்கு எதிரே உட்கார்ந்தார். அவருக்குச் சீட்டில் சிவப்பு ஆடுதனுக்கும் கறுப்புக் கலாவருக்கும்கூட வித்தியாசம் தெரியாது.  மாமி மடிக்குள் கையை விட்டு, ஒளித்து வைத்திருந்த துரும்பை எடுத்துக் கட்டோடு சேர்த்துப்போட்டுக் குலுக்கினார்.

அன்று ஆட்டம் முழுக்க மாமி தோற்றார். ஒவ்வொருமுறை தோற்றபோதும் அச்சில் ஏற்றமுடியாத தமிழில் ஏசினார்.